பிரெஞ்சுக்குத் தனி ஆசிரியர்: 75,000 ரூபாயை முன்பணமாகக் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் ஐடி வேலை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறை வழியாகக் கனடா பிஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியுரிமைக்கு அல்ல, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு முயல்கிறேன். ஐஇஎல்டிஎஸ் நன்றாக வந்தும் புள்ளி போதவில்லை. பிரெஞ்சு படித்தால் கிடைத்துவிடும் என்கிறது ஒரு கன்சல்டன்சி. ஆன்லைனில் தனி ஆசிரியர், ஆறு மாதம், 72 வகுப்பு, பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என ஏறும் மொழி நிலைகளில் நாலாவது) உத்தரவாதம், 75,000 ரூபாய் மொத்தமாக முன்பணம். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். சேரலாமா?

பதில்: தனி ஆசிரியர் வையுங்கள். இந்த 75,000 ரூபாயை மட்டும் கட்டாதீர்கள்.

பிரெஞ்சால் பயன் உண்டு, அதில் அவர்கள் பொய் சொல்லவில்லை. பேச, கேட்க, படிக்க, எழுத என நாலு திறனிலும் கனடாவின் பிரெஞ்சு அளவுகோலான என்சிஎல்சியில் 7 வந்தால், உங்கள் ஆங்கில மதிப்பெண்ணோடு சேர்த்து 50 கூடுதல் புள்ளி கிடைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், பிரெஞ்சு தெரிந்தவர்களை விண்ணப்பிக்க அழைக்கவென்றே தனிச் சுற்று நடக்கிறது. 2025 மார்ச் 21 அன்று நடந்த அந்தச் சுற்றில் 379 புள்ளி போதுமானதாக இருந்தது. ஆனால் நாலில் ஒன்று 6ல் நின்றாலும் இந்த இரண்டும் போச்சு.

இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள். என்சிஎல்சி 7 ஏறத்தாழ பி2 நிலை. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொட 550 முதல் 650 மணி நேரம் ஆகும் என்பது பிரெஞ்சு ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 72 வகுப்பு 72 மணி நேரம். ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படித்தாலும் மொத்தம் 216தான். ஏ2 முடிக்க அது போதும், பி2க்கு எந்த வகையிலும் போதாது. தினம் ஒன்றரை மணி நேரம் விடாமல் படித்தால் 14 மாதம் ஆகும்.

'உத்தரவாதம்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களே அச்சடித்துத் தரும் சான்றிதழாக இருக்கும். கனடா அதைக் கையில்கூட வாங்காது. பிரெஞ்சு அரசு தரும் டெல்ஃப் சான்றிதழே எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குச் செல்லாது. டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்று எழுதியாக வேண்டும். டெல்ஃப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நடத்திவிட்டுக் கடைசி மாதத்தில் "டெஃப் வேற மாதிரி மேடம்" என்று கையை விரிப்பவர்கள் நிறைய பேர்.

பிளஸ் டூ பிரெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை அதில்தான் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோர் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள். பத்தியை மொழிபெயர்ப்பார்கள், பதிலை மனப்பாடம் செய்வார்கள், வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசியிருக்க மாட்டார்கள். அந்த மார்க்‌ஷீட்டைப் பார்த்து கன்சல்டன்சி உங்களை நேராக பி1ல் உட்கார வைக்கும். அப்போதுதானே ஆறு மாதக் கணக்கு நம்பும்படி இருக்கும்! ஆனால் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் உண்மையாகவே பேச வைத்திருக்கிறார்கள். நீங்கள் அப்படிப் படித்தவரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று மூன்று நிமிடம் பிரெஞ்சில் சொல்லுங்கள். இறந்தகால வினைகள் தடுமாறாமல் வந்தால் நூறு மணி நேரம் மிச்சமாகும், ஏ2 நடுவில் தொடங்கலாம். வரவில்லையென்றால் ஏ1தான். இலக்கணம் சீக்கிரம் நினைவுக்கு வரும், ஆனால் படியைத் தாண்டாதீர்கள்.

சரி, தனி ஆசிரியர் எதற்கு? நானும் பிரெஞ்சு ஆசிரியர்தான், என்னிடம் வருகிறவர்களின் நோட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். பிரெஞ்சுச் சொல்லுக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருப்பார்கள். 'புவாஸோன்' என்று மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று மீன், ஒன்று பானம், ஒன்று விஷம். பிரெஞ்சில் மூன்றும் வேறு வேறு ஒலி. நம் 'ப'வுக்கும் 'ஸ'வுக்கும் அந்த வித்தியாசம் காட்டத் தெரியாது. இருபது பேர் இருக்கும் பேட்சில் இது யார் காதிலும் விழாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒருவர்தான் பிடிப்பார்.

ஆனாலும் ஏ2 வரை அலியான்ஸ் பிரான்சேஸ் மாதிரி பிரெஞ்சு கற்றுத்தரும் இடத்தில் பேட்சிலேயே படியுங்கள், செலவு குறைவு. தனி ஆசிரியரை அதற்கப்புறம் வாரம் இரண்டு நாள், பேச்சுக்கும் எழுத்துக்கும் மட்டும் வையுங்கள். டெஃப் பேச்சுத் தேர்வு 15 நிமிடம். முதல் 5 நிமிடம் ஒரு விளம்பரத்தைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் விசாரிக்க வேண்டும், அங்கே 'வூ', அதாவது நீங்கள். அடுத்த 10 நிமிடம் நண்பரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அங்கே 'து', நீ. தமிழ் பேசும் நமக்கு இது பிறவியிலேயே தெரிந்த விஷயம். ஆனாலும் ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படித்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. ஆசிரியர் வாரம் ஒன்றையாவது வரி வரியாகத் திருத்தித் தர வேண்டும்.

ஆசிரியரை நேராகப் பிடியுங்கள். தொடக்கத்தில் நானும் ஒரு நிறுவனத்துக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். மாணவரிடம் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு என் கையில் 250 ரூபாய் தந்தார்கள். மாணவர் எந்தத் தேர்வு எழுதப் போகிறார் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் நான் விலகியபோது, அப்போதுதான் பி1 முடித்திருந்த ஒரு கல்லூரி மாணவியை என் இடத்தில் உட்கார வைத்தார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் மாதாமாதம்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள்.

விதிகளையும் அடிக்கடி பாருங்கள். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்று அடியோடு எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.  தேர்வு முடிவும் இரண்டு வருடம்தான் செல்லும். அவசரப்பட்டுச் சீக்கிரம் எழுதி, குறைந்த மார்க்கோடு காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியரைப் பார்க்கும் முதல் நாளே, டெஃப் பேச்சுத் தேர்வின் முதல் பகுதியை உங்களோடு 5 நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். உடனே ஒரு விளம்பரத்தை எடுத்து நீட்டினால் அவரை வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.