கேள்வி நேரம்: சரியும் மேடும் சுட்ட களிமண்ணும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பொக்லைன் வைத்து வெட்டிய மண்மேடு இரண்டரை மீட்டர் இருக்கும். மழைக்கு மழை உதிர்கிறது. சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்தச் சொல்கிறார்கள். அதைவிடச் சுண்ணாம்பும் சுட்ட களிமண்ணும் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, நம்மூர் மண்ணுக்கு ஒத்துவருமா?
– வாசகி, கேத்தி (நீலகிரி)

பதில்: ஒத்துவரும், மேட்டுக்கு அல்ல, அதன் அடியில் நீங்கள் கொட்டி நிரப்பும் மண்ணுக்கு. நிற்கிற மேட்டுக்குள் எந்தத் தூளையும் கலக்க முடியாது. மேலே பூசினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல், பின்னால் அழுத்தம் ஏறிப் பாளமாகவே விழும்.

நீலகிரிச் செம்மண் சார்னோகைட் பாறை சிதைந்து வந்தது. அதில் கயோலினைட், கிப்சைட், சில இடங்களில் ஹாலோசைட் ஆகிய கனிமங்கள் இருக்கும். கோவைக் கரிசல் சுண்ணாம்பு பட்டதும் பொலபொலவென்று ஆகிவிடும். நம் செம்மண் மெதுவாகத்தான் வலுப்பெறும்.

சுண்ணாம்பைக் கண்ணளவில் போடாதீர்கள். மக்கு நிறைந்த மேல்மண் சுண்ணாம்பைத் தின்றுவிடும் என்பதால் அதை நீக்கிவிட்டு அடிமண்ணை எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். அடுப்பில் காய வைத்தால் ஹாலோசைட் நீரிழந்து பழைய நிலைக்குத் திரும்பாது, சோதனை ஏமாற்றிவிடும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 20 கிராம் வீதம் ஐந்து பிளாஸ்டிக் புட்டிகளில் போட்டு, நீற்றிய சுண்ணாம்புத் தூள் 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 கிராம் (2 முதல் 6%) சேருங்கள். ஒவ்வொன்றிலும் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர். பத்து நிமிடத்துக்கொரு முறை அரை நிமிடம் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து, 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் மீட்டரில் (அமில, காரத்தன்மையை அளக்கும் கருவி) பாருங்கள். 12.4-ஐ எட்டிய புட்டிகளில் எதில் சுண்ணாம்பு மிகக் குறைவோ, அதுவே தொடக்க அளவு. அது 5% என்றால், 1,400 கிலோ காய்ந்த மண்ணுக்கு 70 கிலோ.

ஈரத்தோடு கலந்து, தார்ப்பாயால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு 15 செ.மீ. அடுக்குகளாகக் குத்தி, ஏழு நாள் காயாமல் காக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்புக்கும் மண்ணுக்குமான வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். உறைபனி மாதங்களில் தொடங்கவே வேண்டாம். கையுறை, கண்ணாடி அவசியம். தூள் தேயிலைப் பாத்தியில் விழக்கூடாது, தேயிலைக்கு அமில மண்தான் உயிர்.

இனி சுட்ட களிமண். கயோலின் என்ற களிமண்ணை 700–800 டிகிரியில் சுட்டால் கிடைப்பது மெட்டாகயோலின். சிமென்ட் கிளிங்கருக்கோ (அரைத்துச் சிமென்ட் ஆக்கும் சுட்ட கட்டி) சுமார் 1,450 டிகிரி வேண்டும். தவிர, களிமண் சூட்டில் விடுவது நீராவி, சிமென்டுக்குச் சுடும் சுண்ணாம்புக்கல் விடுவது கார்பன் டை ஆக்சைடு. ஆனால் மெட்டாகயோலின் தனியே கெட்டியாகாது, சுண்ணாம்பு வேண்டும். அந்தச் சுண்ணாம்பைச் சுடும்போதும் அதே வாயுதான் வரும். ஆகவே சுண்ணாம்பின் அளவைக் குறைத்தால்தான் சுற்றுச்சூழலுக்கு லாபம். செங்கல் சூளையில் நீங்களே சுட்டுப் பார்க்க வேண்டாம். சூடு மீறினால் களிமண்ணின் வினைபுரியும் திறன் செத்துவிடும்.

மேட்டுக்கு முதல் வேலை, உச்சிக்குச் சற்றுப் பின்னால் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால். சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக 10–15 செ.மீ. இடைவெளியில் வெட்டிவேர் நாற்று நடலாம். விளிம்புக்கு இணையாக விரிசல் தெரிந்தாலோ மரம் சாய்ந்தாலோ, பின்னறையில் படுப்பதை அன்றே நிறுத்திவிட்டு மண் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.