ழான் ஜிரோ ஏன் மோபியஸ் என்ற பெயரிலும் வரைந்தார்?

மோபியஸ் என்பது பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் ழான் ஜிரோவின் (1938–2012) புனைபெயர். 1963 முதல் ப்ளூபெர்ரி என்ற கௌபாய் தொடரை 'ஜிர்' என்று கையெழுத்திட்டு வரைந்தார். தமிழில் நாம் படித்த கேப்டன் டைகர்தான் அது! அங்கே கதை ழான் மிஷெல் ஷார்லியேயுடையது; அதற்குள் அடங்கித்தான் வரைய வேண்டும். மனம்போன போக்கில் வரைய இன்னொரு பெயர் தேவைப்பட்டது. கல்யாணப் பந்திக்குப் பட்டியல்படி சமைப்பவர், தன் வீட்டில் தோன்றியதைச் சமைத்துப் பார்ப்பதுபோல. மோபியஸ் என்ற பெயரில் 1975-இல் தொடங்கிய 'அர்ஸாக்' காமிக்ஸில் வசனமே கிடையாது. ராட்சசப் பறவை போன்ற ஒரு பிராணிமேல் ஒருவன் பறந்து போகிறான். ஒவ்வொரு பக்கத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு. அப்புறம், ஜிர்ரும் மோபியஸும் இரண்டு ஓவியர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே கைதான்.