எடை குறைக்க ஆன்லைன் உணவுத் திட்டம்: பணம் கட்டலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாமனார், மாமியாரோடு சேர்ந்து இருக்கிறோம். எனக்கு 34 வயது, உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. தினமும் என்ன சாப்பிடலாம் என்று பட்டியல் போட்டுத் தரும் ஒரு ஆப்பைப் பார்த்தேன். மாதம் 699 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 2,999. பத்து நிமிஷத்துக்குள் கட்டினால்தான் அந்த விலையாம். முதல் மாதமே 10 கிலோ குறையும் என்றும் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் சமையல் மாமியார்தான். ரேஷன் அரிசி, வாரத்தில் மூன்று நாள் காசிமேட்டு மீன். வாங்கலாமா?

பதில்: வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். மாதச் சந்தா என்றால் யோசிக்கலாம், அதுவும் இந்த ஆப் இல்லை.

பத்து நிமிஷக் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். நாளைக்குத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதே கடிகாரம் மறுபடி பத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். இணைய வியாபாரத்தில் வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 வகை உத்திகளை மத்திய அரசு 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதும் அதில் ஒன்று.

அடுத்து அந்த 10 கிலோ. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 10 கிலோவுக்கு 77,000. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 2,560 கலோரிக்கு மேல் வருகிறது. உங்கள் உடல்வாகுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளுக்குத் தேவைப்படுவதே அவ்வளவு இருக்காது. முப்பது நாளும் பட்டினி கிடந்தால்கூட அவர்கள் சொல்லும் கணக்கு நிறைவேறாது. முதல் வாரத்தில் எடை முள் சட்டென்று இறங்குவதில் தண்ணீரும் சேர்ந்திருக்கும், அதைக் காட்டித்தான் விளம்பரம் செய்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரை கிலோ குறைவதைத்தான் பாதுகாப்பானது என்கிறது. எடை குறைப்பதற்கான உணவாக இருந்தாலும் நாளுக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. இதற்கு மாறாக வாக்குக் கொடுக்கும் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 29-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது கணக்கு. எனவே குறைக்க நினைப்பது நியாயம்தான். ஆனால் முதல் இலக்கு மூன்றரை கிலோ போதும். வாரத்துக்கு அரை கிலோ என்றால் ஏழு வாரம்.

சரி, வேறொரு ஆப் நிதானமாகப் பேசுகிறது என்று வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பகுதியில் ஒரு நாள் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அரிசியைத்தான். '100 கிராம் அரிசி' என்று போட்டிருந்தால், அது அரிசியா சாதமா? வேகாத 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, அதே எடை சாதத்தில் சுமார் 130. இதைத் தெளிவாகச் சொல்லாத ஆப்பில் தட்டுக்குத் தட்டு கணக்கு இரண்டரை மடங்கு தப்பும். அளவைக் கரண்டியில், கப்பில், இட்லி எண்ணிக்கையில் சொல்கிறதா என்றும் பாருங்கள். சமையலறைத் தராசு இல்லாத வீட்டில் கிராம் கணக்கு ரெண்டு நாள்கூடத் தாங்காது.

கீன்வா, ப்ரோக்கோலி, சால்மன் என்று பட்டியல் நீண்டால் மூடிவிடலாம். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசியை விட்டுவிட்டு, கிலோ பல நூறு ரூபாய்க்குக் கீன்வா வாங்கச் சொல்வது உணவுத் திட்டம் இல்லை. அதே கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். சாதத்தில் ரெண்டு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கெட்டிப் பருப்பும் புடலங்காயோ கொத்தவரங்காயோ ஒரு கப் பொரியலும் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சால்மனுக்குப் பதிலாக நம் கானாங்கெளுத்தியும் மத்தியும் இருக்கின்றன. சால்மனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இவற்றிலும் நிறைய உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தடை இல்லாத சின்ன ஃபைபர் படகில் வரும் மீனுக்குக் கடற்கரையிலேயே விலை ஏறிவிடும். அந்த 61 நாளும் மீனை எடுத்துவிட்டு முட்டையோ பச்சைப்பயறோ போட வழியிருக்கிறதா என்பதையும் சோதித்துவிடுங்கள். நல்ல ஆப்பில் ஒரே தட்டலில் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த ஆப்பாலும் பிடிக்க முடியாத ஒன்று எண்ணெய். உங்கள் மாமியார் குழம்புக்கு எவ்வளவு ஊற்றுகிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ இரண்டு இட்லி. இதற்கு ஆப்பே வேண்டாம், மாதச் சாமான் பட்டியல் போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து 27 கிராம்தான். பெரியவர்கள் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ரேஷன் பாமாயில், கடையில் வாங்கும் சன்ஃப்ளவர், நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு லிட்டர் ஆகிறதென்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். காசிமேட்டில் இருந்து வந்த மீன் வறுவலாகிறதா குழம்பாகிறதா என்பதில் ஆப் காட்டும் கலோரி மொத்தமாக மாறிப்போகும். (பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்ட நாளைச் சரியாகக் கணக்கிட்ட ஆப் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.)

மாமியாரிடம் தனிச் சமையல் கேட்காதீர்கள், ஒரு வாரத்தில் வீட்டில் முகம் சுளிப்பார்கள். வீட்டில் ஆகும் சாப்பாட்டை நீங்கள் சொல்ல, உங்களுக்கான அளவை மட்டும் அது சொல்லும் வகையான ஆப்பைத் தேடுங்கள். ஒரு மாதம் அப்படிப் பழகினால் அளவு கைக்கு வந்துவிடும், அதன்பின் அதற்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இருக்காது. வருடச் சந்தா வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பணமே கட்டாமல் தொடங்க விரும்பினால், தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' ஆப் இலவசம், நம் ஊர்ச் சாப்பாடும் அதில் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, பரவாயில்லை.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு டயட் ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்காமல் நான்காம் நாளே போனிலிருந்து நீக்கிவிட்டேன். எட்டாம் நாள் கணக்கிலிருந்து 1,499 ரூபாய் போய்விட்டது. கேட்டால் 'பாலிசிப்படி திருப்பித் தர முடியாது' என்று மெயில் வருகிறது. என்ன செய்வது? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. நீங்கள் கொடுத்த ஆட்டோபே அனுமதி, அதாவது தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி, வங்கிப் பக்கம் அப்படியே உயிரோடுதான் இருக்கும். எனவே இன்றே இன்னொரு தடவை பணம் போகாதபடி அதை நிறுத்துங்கள். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பிலேயே 'ஆட்டோபே' பகுதிக்குள் போய் ரத்து செய்யலாம். ப்ளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கே சந்தாக்கள் பகுதியில் ரத்து செய்ய வேண்டும். பணம் பிடித்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம், அதைத் தாண்டினால் ஆப் நடத்தும் நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள்.

இனி உங்கள் பக்கம் இருக்கும் வலு. தானாகப் பணம் பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு அந்த எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வந்ததா என்று தேடிப் பாருங்கள். வந்திருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனம், வராவிட்டால் வங்கியிடமும் புகார் செய்யலாம். ரத்து செய்யும் வழியை ஒளித்துவைத்துச் சந்தாவில் மாட்ட வைப்பதும் மேலே சொன்ன 13 உத்திகளில் ஒன்று. சேரும்போது வந்த திரை, விலை எழுதியிருந்த இடம், ரத்து செய்யத் தேடிய பக்கங்கள் என எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் குர்கானில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலேயே தாக்கல் செய்ய முடியும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 1,499 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 1915 வரைக்குமாவது போகச் சொல்வேன்.

கேள்வி: நான் பணம் கட்டி வாங்கிய உணவுத் திட்டத்தையே அப்பாவுக்கும் கொடுக்கலாமா? அவருக்கு 58 வயது, சர்க்கரைக்கு கிளைமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். (வாசகி, வியாசர்பாடி)

பதில்: கூடாது. கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், பழைய அளவு மருந்தோடு சாதத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், மயக்கம் வரை போகலாம். உணவு குறைந்தால் மருந்தின் அளவையும் டாக்டர் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது பட்டியலை அச்செடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதம் கூடிய திட்டமும் ஆகாது. ஆப்பில் சேரும்போது சர்க்கரை, பிபி, கர்ப்பம், மாத்திரை பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால், உங்களுக்குமே அதை விடச் சொல்வேன்.

கேள்வி: ஆப்போடு சேர்த்து 'ஸ்லிம் ஷேக்' பவுடரும் வாங்கச் சொல்லி ஒரு 'நியூட்ரிஷனிஸ்ட்' தினமும் போன் செய்கிறார். அரை கிலோ 1,800 ரூபாய். (வாசகர், பெரம்பூர்)

பதில்: அவர் விற்பனைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரிஷனிஸ்ட் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். இந்திய உணவியல் சங்கத்தில் பதிவு பெற்ற டயட்டீஷியனா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள், பெரும்பாலும் அத்தோடு போன் வருவது நின்றுவிடும். பவுடர் வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, விலை அண்ணாச்சி கடையில் உங்களுக்கே தெரியும்.