மருத்துவமனையில் ஒரு செவிலியர் உங்களுக்குச் செய்த மறக்க முடியாத உதவி எது?

ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடந்த ஸ்டீல் பெட்பேனை வெந்நீரில் காட்டிச் சூடாக்கி எடுத்து வந்தது. கேள்வியைப் பார்த்ததும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், ஒத்தாசைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். 71 வயது. தமிழைத் தவிர வேறு பாஷை ஒரு வார்த்தை தெரியாது. வந்த ஒன்பதாம் நாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு இடுப்பில் போய்ச் சேருகிற கழுத்துப் பகுதியில் முறிவு. 108-ஐக் கூப்பிட்டு மாநகராட்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுகரும் பிரஷரும் இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்கள். அதுவரைக்கும் காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

பெண்கள் வார்டு. ராத்திரி ஆண்கள் உள்ளே இருக்கக் கூடாது. மனைவியோ கைக்குழந்தையோடு வீட்டில். அதனால் நான் வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்துக்கொள்வேன். (நாலைந்து மொழிக்காரர்கள் அங்கே வரிசையாகப் படுத்திருப்போம். குறட்டை மட்டும் ஒரே மொழி.)

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் "தாகமில்லப்பா" என்பாள். வலியில் அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நைட் டூட்டி சிஸ்டர் வராந்தாவுக்கு வந்து, "பாயீஸ் நம்பர் யாரோட பேஷன்ட்?" என்று இந்தியில் கேட்டார். பாயீஸ் என்றால் இருபத்திரண்டு; அங்கே படுக்கை எண்தான் பெயர். எழுந்து போனேன். மராத்திக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். உங்கள் அம்மாவின் பாட்டிலில் காலையில் இருந்த தண்ணீர் அப்படியே இருக்கிறது, சிறுநீர் கொஞ்சமாக, அதுவும் அடர் மஞ்சளாகப் போகிறது, சாயங்காலத்திலிருந்து பேச்சும் கொஞ்சம் குழறுகிறது என்றார். அவருக்கு அம்மா பேசுவதில் ஒரு சொல்கூடப் புரியாது. குழறல் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நேற்று கேட்ட சத்தம் இல்லை இது" என்றார்.

தாகமில்லை என்கிறாள் என்றேன். தலையை ஆட்டினார். "தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் பெட்பேன் கேட்க வேண்டியிருக்குமே என்று பயம். வயசான பெண்கள் நிறையப் பேர் இப்படிச் செய்வார்கள். உள்ளே வந்து கேளுங்கள், ஐந்து நிமிஷம்தான்." துணி மறைப்பை இழுத்து விட்டு என்னை உள்ளே விட்டார்.

நான் கேட்டதும் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏலே, அந்தப் பிள்ளை வரும்போதெல்லாம் ஆயி, ஆயின்னு கேக்குல்லா. சுத்தி இத்தனை பேரு கெடக்காவ. எனக்கு மானம் போகுதுடா."

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. மராத்தியில் 'ஆயி' என்றால் அம்மா. அந்தப் பெண்மணி வாஞ்சையாக "ஆயி, தண்ணி வேணுமா? ஆயி, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் குழந்தைக்குச் சொல்கிற அந்த 'ஆய்' என்று இவள் எடுத்துக்கொண்டு, ஊரறிய விசாரிக்கிறாளே என்று கூசிப்போய்க் கிடந்திருக்கிறாள். மாரியாயியிலும் மகமாயியிலும் இருக்கிற ஆயிதான் அது என்று விளக்கினேன். அம்மா நம்பிய மாதிரி தெரியவில்லை.

சிஸ்டரிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கையுறை அட்டைப்பெட்டியைக் கிழித்து, "தமிழில் ஆயிக்கு என்ன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அம்மா. தண்ணி குடிங்க. வலிக்குதா. வெக்கப்படாதீங்க. எல்லாம் தேவநாகரி எழுத்தில். கடைசி வார்த்தையை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

பெட்பேன் வைப்பது மாவுஷிகள் வேலை. மும்பை ஆஸ்பத்திரிகளில் ஆயாம்மாக்களுக்கு அதுதான் பெயர், மராத்தியில் சித்தி என்று அர்த்தம். அன்றைக்கு இருந்த ஒரே மாவுஷியும் வேறெங்கோ போயிருந்தார். சிஸ்டரே எடுத்து வந்தார். நேரே வராமல், வெந்நீர் கெட்டில் பக்கம் போய் ஊற்றி, துணியால் துடைத்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, பிறகுதான் வந்தார். நாற்பதுக்கு மேல் படுக்கை, இரண்டே சிஸ்டர்கள். அந்த நேரத்தில் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடிவதற்குள் அம்மா ஒரு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள். குழறலும் மெல்ல மெல்லக் குறைந்தது. வயதானவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினால் புத்தி தடுமாறும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்ததும், 2015-இல் இறக்கும் வரை அங்கிருந்த செவிலியர்களே அவரைப் பார்த்துக்கொண்டதும் மும்பையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 2011-இல் கருணைக்கொலை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, இத்தனை வருஷம் படுக்கையில் கிடந்தும் அவருக்குப் படுக்கைப் புண் இல்லை என்று பேப்பரில் படித்து, பக்கத்தைத் திருப்பியவன் நான். இரண்டு மணிக்கொருதரம் முறிந்த கால் அசையாமல் அம்மாவை லேசாக ஒருக்களிக்க வைத்து, முதுகைத் துடைத்து, குதிகாலுக்கு அடியில் துணிச்சுருள் வைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது.

ஆறாம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். கிளம்பும்போது அம்மா முந்தானையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்ட, சிஸ்டர் அதை மடித்து மறுபடி முந்தானையிலேயே முடிந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து அம்மா அல்வா கொடுத்தனுப்பினாள், "அந்த ஆயிகிட்ட குடுத்துரு" என்று. கொண்டு போனேன். அவரை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். தேடிப் பிடித்தால், என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பாயீஸ் நம்பர் என்றேன். ஊஹூம். "வெக்கப்படாதீங்க" என்றேன். ஒரு நொடி முழித்துவிட்டு, "அர்ரே, அம்மா!" என்று கத்தினார். எத்தனை படி ஏறுகிறார், இந்தியன் டாய்லெட்டில் உட்காரவில்லையே என்று விசாரித்துக்கொண்டே ஒரு துண்டு வாயில் போட்டார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, நெய்க் கையோடு ஓடினார்.

முதலில் அடையாளம் தெரியாமல் போனதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.