அனுபவசாலி நிரலாளர்கள் புதிய தொழில்நுட்பங்களுக்குப் பின்னால் அதிகம் ஓடாதது ஏன்? கோலாலம்பூரில் வேலைக்குச் சேரப்போகும் ஒருவர் எதில் நேரம் செலவிடலாம்?

மொழியும் ஃபிரேம்வொர்க்கும் சில வருடங்களில் மாறிவிடும். ஆனால் அந்த நிரல் சேர்த்து வைத்த தரவு அடுத்த மென்பொருளுக்கும், அதற்கடுத்ததற்கும் அப்படியே கைமாறும். ஒரு வங்கியிலோ காப்புறுதிக் கம்பெனியிலோ இருக்கும் வாடிக்கையாளர் பட்டியல், இன்று அதைக் காட்டும் செயலியைவிட எத்தனையோ வயது மூத்ததாக இருக்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் ஊறியவர்கள் புதிய அமைப்பைப் பார்த்ததும் அது எந்த மொழியில் எழுதப்பட்டது என்று விசாரிப்பதில்லை. பெயர், தேதி, பணம், எழுத்து இந்த நான்கையும் எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் நேரம் செலவிட வேண்டிய இடமும் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இதை அதிகம் தொடுவதில்லை. மலேசியாவிலோ இது இன்னும் சிக்கலானது.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்ட படிவம் இந்நாட்டில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. அடையாள அட்டையில் முருகன் ஏ/எல் ராமசாமி என்று இருந்தால், ஏ/எல் என்பது 'மகன்', ராமசாமி என்பது அப்பா பெயர். மென்பொருள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'அன்புள்ள திரு ராமசாமி' என்று அப்பாவுக்குக் கடிதம் அனுப்பும். மலாய்ப் பெயர்களில் மகன், மகள் என்று பொருள்படும் 'பின்', 'பிந்தி'க்கும் இதே கதி. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஏ/எல்லில் உள்ள சாய்கோடு தனித் தொல்லை: சில படிவங்கள் அதை ஏற்காது, பெயரை வைத்துக் கோப்பு உருவாக்கினால் அது புது ஃபோல்டராகப் பிரியும், இணைய முகவரியில் போட்டால் பாதை உடையும். பிறகு ஒரே ஆள் 'ஏ/எல்' என்றும் 'ஏஎல்' என்றும் எதுவுமே இல்லாமலும் மூன்று வரிசைகளில் பதிவாகிவிடுவார். வழி எளிது. அட்டையில் உள்ளபடி முழுப் பெயருக்கு ஒரே கட்டம், 150 எழுத்தாவது கொள்ளும்படி. எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கட்டம். ஆளைப் பொருத்திப் பார்க்க ஐசி (அடையாள அட்டை) எண், வெளிநாட்டவருக்குக் கடப்பிதழ் எண். இரண்டையுமே அட்டவணையின் முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் எண்ணாக, வைக்காதீர்கள். அதற்கு உள்ளுக்குள் தனி எண் கொடுங்கள். கடப்பிதழ் புதுப்பித்தால் எண் மாறும், ஐசியைத் தட்டச்சுப் பிழையோடு பதிந்திருந்தால் பின்னால் திருத்த வேண்டிவரும்.

ஐசி எண்ணை 'எண்' என்று சொல்வதாலேயே பலர் அதை முழு எண் வகையில் சேமித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எக்செல்லில் திறந்து சேமித்த நொடியில் அந்தப் பூஜ்ஜியம் சத்தமில்லாமல் காணாமல் போகும். அந்தத் தலைமுறை இப்போது வங்கிக் கணக்கும் வேலையும் தேடி வருகிறது, அதனால் இந்தப் பிழை குறையப்போவதில்லை. கங்கார் 01000, அலோர் ஸ்டார் 05000, சுங்கைப் பட்டாணி 08000 என்று அஞ்சல் குறியீடுகளும் இப்படித்தான் அடிபடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்துச் சரம், அவ்வளவுதான். ஐசியில் வருடத்துக்கு இரண்டே இலக்கம் என்பதால் 25 என்பது 1925ஆ 2025ஆ என்று அந்த இரண்டு இலக்கத்திலிருந்து மட்டும் தெரியாது. நான்கு இலக்க வருடத்தோடு பிறந்த தேதியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு மிதவைப் புள்ளி (ஃப்ளோட்) எண் வேண்டவே வேண்டாம். 19.99ஐ நூறால் பெருக்கினால் 1998.9999999999998 வரும், முழு எண்ணாக வெட்டினால் 1998 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்), அதாவது ஒரு சென் மாயம். காரணம், இரும எண் முறையில் 0.1, 0.99 போன்ற பின்னங்களை முடிவான இலக்கங்களில் எழுத முடியாது. எல்லாவற்றையும் சென்னில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தரவுத்தளத்தின் தசம வகையைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகும் முழுமையாக்குவதில் அடி வாங்குவீர்கள்: பைத்தானில் 2.5ஐ முழுமையாக்கினால் 2, எக்செல்லில் 3. கணக்கர் எக்செல்லில் சரிபார்க்கும்போது ஒரு சென் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ஐந்து சென் முழுமையாக்கம் வேறு இருக்கிறது. 1, 2 சென் கீழே போகும். 3, 4 என்றால் 5 ஆகும். 6, 7 என்றாலும் 5. 8, 9 என்றால் 10. இது ரசீதின் மொத்தத் தொகைக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் இல்லை. இந்த வித்தியாசத்துக்குக் கணக்கில் தனி வரி வைக்காவிட்டால் நாள் முடிவில் கல்லா ஒத்துவராது.

வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதி வைத்தவர்களுக்கு இந்த நாடு நல்ல பாடம் நடத்தியிருக்கிறது. 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காடு. 2018 ஜூன் 1இல் அது பூஜ்ஜியம். அதே வருடம் செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி (விற்பனை வரி, சேவை வரி). 2024 மார்ச் 1இல் சேவை வரி 8, ஆனால் உணவு பானத்துக்கும் இன்னும் சிலவற்றுக்கும் 6 அப்படியே. விகிதம் ஓர் அட்டவணையில், எந்த வகைச் சேவை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற விவரத்தோடு இருக்க வேண்டும். பழைய விலைப்பட்டியலுக்கு இன்று கிரெடிட் நோட் போட்டாலும் அன்றைய விகிதத்தில்தான் திரும்பிப் போக வேண்டும்.

நேரம்தான் எல்லாவற்றிலும் வஞ்சகமானது. மலேசியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை, உலக நேரத்தோடு (யூடிசி) எட்டு மணி நேரம் கூட்டினால் போதும் என்று இங்கே பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் தீபகற்ப மலேசியா 1981 கடைசி வரை உலக நேரத்தைவிட ஏழரை மணி நேரமே முன்னால் இருந்தது. டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரம் நேராக 1982 ஜனவரி 1 நள்ளிரவுக்குத் தாவியது. அந்த அரை மணி நேரம் இங்கே நடக்கவே இல்லை. இதனால் என்ன கெடும்? 1975இல் பிறந்தவரின் பிறந்த தேதியை 'நள்ளிரவு 12 மணி' என்ற நேர முத்திரையாக மாற்றி, அதிலிருந்து எட்டு மணி நேரத்தைக் குறைத்து, உலக நேரமாக ஒரு நிரல் சேமிக்கிறது. இன்னொரு நிரல் சரியான நேர மண்டலத் தரவை வைத்து, அன்றைய ஏழரை மணி நேரத்தைக் கூட்டித் திருப்பி எடுக்கிறது. முந்தைய நாள் இரவு 11.30 என்று வரும். ஐசியோடு பிறந்த தேதி ஒத்துவராமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், இரண்டு நிரலையும் தனித்தனியாகப் பார்த்தால் தவறே தெரியாது. பிறந்த தேதிக்கு நேரமும் கிடையாது, மண்டலமும் கிடையாது. வெறும் தேதி வகையில் வையுங்கள்.

நிகழ்வுகளை உலக நேரத்தில் சேமிப்பது சரி. எந்த நாள் என்று முடிவெடுக்கும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 1 காலை 7.30க்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தங்கும் விடுதி அன்றைய அறை வாடகைக்கு பில் போட்டது என்றால் உலக நேரத்தில் அது பிப்ரவரி 29 இரவு 11.30. அந்தத் தேதியை வைத்து விகிதம் எடுத்த நிரல் 8க்குப் பதில் 6 போடும். தினமும் காலை எட்டு மணிக்குள் நடப்பவை மட்டும் முந்தைய நாள் அறிக்கையில் போய் உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

பினாங்கில் தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் 2038ஐ இப்போதே நினைக்க வேண்டும். 1970இலிருந்து நொடிகளை 32 இருமத்தில் (பிட்) எண்ணும் கருவிகள் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 11.14.07க்குப் பிறகு 1901க்குத் திரும்பிவிடும். தொழிற்சாலை இயந்திரங்கள் பதினைந்து, இருபது வருடம் ஓடும், ஆகவே இன்று விற்கும் கருவி அந்த நாளைப் பார்க்கும். இன்று போடும் 30 வருட வீட்டுக் கடனின் தவணை அட்டவணையோ இப்போதே அந்த நாளைத் தாண்டுகிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'டைம்ஸ்டாம்ப்' வகை அந்த நாளோடு நின்றுவிடும், 'டேட்டைம்' நிற்காது.

தமிழ் எழுத்தைக் கையாளத் தெரிந்தவர் நமக்குள்ளேயே குறைவு, இது வருத்தமான விஷயம். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோட் எழுத்துத் தரத்தில் ஐந்து குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் வழக்கமான அமைப்பில் 50 என்று நீளம் கொடுத்தால் அது 50 பைட். தமிழில் 16 குறிகளோடு முடிந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் 'வார்கேர்' வகையில் பெரும்பாலும் எல்லாம் கேள்விக்குறியாகும். அப்படி ஆனதை மீட்க வழியில்லை, 'என்வார்கேர்' வேண்டும். 'கோமளா'வில் உள்ள 'கோ' ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, தேடினால் கிடைக்காது. உள்ளே வரும்போதே என்எஃப்சி என்ற, இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோட் வடிவுக்கு மாற்றிவிடுங்கள். குறி எண் வரிசையில் அடுக்கினால் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் வரும், வகரம் ழகரத்துக்குப் பின்னால் போகும். ஐசியு என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்துங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் வேலை வந்தால் செலவையும் கணக்கிடுங்கள்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறி. நீண்டால் துண்டுக்கு 67தான். 150 குறி கொண்ட தமிழ்ச் செய்திக்கு மூன்று செய்தியின் கட்டணம்.

அறிவியல் துறைக்குப் போனால் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மார்ச்1, செப்ட்1 போன்ற மனித மரபணுப் பெயர்களை 2020இல் மாற்ற வேண்டியதாயிற்று. அதே வருடம் இங்கிலாந்தில் பழைய எக்செல் வடிவத்தின் 65,536 வரிசை எல்லையால் கிட்டத்தட்ட 16,000 கோவிட் தொற்றுகள் பதிவிலிருந்து விடுபட்டன. 1991 பிப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 0.1 நொடியை 24 இருமத்தில் வெட்டி வைத்திருந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 நொடி பிசகியது, பாய்ந்து வந்த ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். ஆய்வுக் கூடத்தில் மூலத் தரவைத் திருத்த முடியாத இடத்தில் வையுங்கள். எந்த நிரலின் எந்தப் பதிப்பில் முடிவு வந்தது என்பதை முடிவோடு சேர்த்தே எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கோட் எழுதித் தருகிறது, பயன்படுத்துங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்த அட்டவணையைத் தாராளமாகத் தரும். அதனால் சோதனைத் தரவை நீங்களே கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏ/எல் உள்ள பெயர், ஒற்றைச் சொல் பெயர், 00இல் தொடங்கும் ஐசி, 1981 டிசம்பர் 31 பிறந்த தேதி, 2018 ஜூலை மாத ரசீது, 01000 அஞ்சல் குறியீடு, 19.99 ரிங்கிட், இரண்டு விதமாகக் குறியிட்ட 'கோமளா', 2040இல் முடியும் ஒப்பந்தம். யார் எழுதிய கோட் என்றாலும் இந்தப் பட்டியலைத் தாண்டட்டும்.

வேலையிடத்தைப் பற்றிக் கொஞ்சம். விடுமுறை நாளைக் கணிக்கும் நிரலில் மாநிலத்தைக் கேளுங்கள். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூர் 2025 ஜனவரியில் சனி ஞாயிறுக்குத் திரும்பியது. தீபாவளி சரவாக்கில் பொது விடுமுறை இல்லை. நேர்காணலில் சம்பளம் பேசும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, காப்புப் பிரதியிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது? 'இன்னொரு சர்வரில் ரெப்ளிகா (உடனுக்குடன் மாறும் நகல்) ஓடுகிறது' என்று பதில் வந்தால், அங்கே காப்புப் பிரதி இல்லை என்று அர்த்தம். தவறுதலாக அழித்தது ரெப்ளிகாவிலும் அடுத்த நொடியே அழியும். முறையாகச் செய்கிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது காலி சர்வரில் மீட்டு, வரிசை எண்ணிக்கையையும் தொகைகளின் கூட்டலையும் ஒப்பிடுவார்கள். காப்புப் பிரதியைத் திறக்கும் மறையாக்கச் சாவியை அதே சர்வரில் வைக்க மாட்டார்கள். இரண்டாவது கேள்வி, நேற்று வெளியிட்ட பதிப்பைத் திரும்பப் பெற எத்தனை நிமிடம் ஆகும்? நிமிடக் கணக்கில் பதில் சொல்பவர்களிடம் சேர்ந்தால் நிறையக் கற்பீர்கள். 'அதற்கு இன்னார் வர வேண்டும்' என்றால், சீக்கிரமே அந்த இன்னார் நீங்களாக இருப்பீர்கள், விடுமுறையிலும் தொலைபேசி ஒலிக்கும். அதற்கேற்ற சம்பளத்தைக் கேளுங்கள்.