நாளை என்னவாகும் என்று தெரியாதபோது கடவுளை நம்புவது எப்படி?

வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன, ஜெபித்தும் ஒரு வழியும் திறக்கவில்லை, இந்த நிலையில் கடவுளை நம்புவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் அல்ல. சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுப்பவன் மட்டுமே. ஆனால் ஒப்பந்தப் பணி புதுப்பிக்கப்படாமல், வீட்டுக் கடன் தவணையோடு பல மாதங்கள் வீட்டில் இருந்தவன் என்பதால், அந்த நாட்களில் எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது அந்த ஆண்டுக்கான வேத வசனம் அச்சடித்த அட்டையில், எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 29:11 இருந்தது. கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும், பாதி கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் தொங்கும் அதே வசனம்தான். மார்ச் மாதம் வேலை போனது. கோபத்தோடு வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்தபோதுதான், அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதைக் கவனித்தேன். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். பத்தாம் வசனத்தை எவரும் அட்டையில் அச்சடிப்பதில்லை! ஜூன் மாதத்துக்குள் வேலை கிடைத்துவிடும் என்று கடவுள் எனக்கு எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதும், அதை நானே அந்த அட்டையில் சேர்த்து வாசித்துவிட்டேன் என்பதும் அன்றைக்குப் புரிந்தது. அது ஏமாற்றமாகவும் இருந்தது, ஒருவகையில் ஆறுதலாகவும் இருந்தது.

மேலும் சில பக்கங்கள் தள்ளினால் 32ஆம் அதிகாரம் வருகிறது. கி.மு. 587 வாக்கில், பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காகவே எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அப்போது அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். நெருங்கிய உறவினர் என்ற முறையில் அதை மீட்கும் உரிமை எரேமியாவுக்கு இருந்தது. ஆனதோத் எருசலேமுக்கு வெளியே, வடகிழக்கில் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். நம் ஊரில் செய்வதுபோல வில்லங்கம் பார்த்திருந்தால், அந்த நிலத்தின் மேல் ஒரு படையே வில்லங்கமாக நின்றிருக்கும். போதாக்குறைக்கு, இதே ஆனதோத் ஊரார்தான் முன்பு அவரைக் கொல்லத் திட்டமிட்டவர்கள் (11ஆம் அதிகாரம்).

எரேமியா அந்த நிலத்தை வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், பத்திரம் எழுதிக் கையெழுத்திடுகிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். மறுபடியும் இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பதற்கு அந்தப் பத்திரம் அடையாளம். நம்பிக்கை என்றால் கணக்கு வழக்கைக் கைவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட கிரயப் பத்திரம் வியப்பளித்தது.

அதைவிட வியப்பு, பத்திரம் முடிந்த பிறகு வரும் ஜெபம். உம்மால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்கும் அந்த ஜெபம், நகரமோ கல்தேயரின் (பாபிலோனியரின்) கையில் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கு என்றீரே என்று முடிகிறது. பணம் கொடுத்தாகிவிட்டது, சந்தேகம் இன்னும் போகவில்லை. அந்த நிலம் பற்றிய வார்த்தை தனக்கு முன்பே வந்திருந்தும், அனாமெயேல் நேரில் வந்து கேட்ட பிறகுதான் அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டதாக அவரே எழுதுகிறார். ஒரு தீர்க்கதரிசிக்கே இவ்வளவுதான் தெளிவு இருந்தது என்றால், மனத்தில் உறுதி வந்த பிறகுதான் நான் விசுவாசி என்று நாம் நினைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை. அவர் கையில் இருந்த அடுத்த கடமையைச் செய்தார். புரியாததைப் பிறகு கடவுளிடமே கேட்டார்.

எனக்கு அப்படி வந்த கடமை, மகளின் பள்ளிக் கட்டணம். அடுத்த கல்வியாண்டில் இந்த ஊரில் இருப்போமா என்றே தெரியாத நிலையில் கட்டுவதா என்று தயங்கினேன். பிள்ளையின் படிப்பை நம் பயத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லி, மனைவி இரண்டு வளையல்களை நகைக்கடனுக்குக் கொடுத்தாள். கட்டினோம். ஆகஸ்டில் எனக்கு வேறு ஊரில், முந்தையதைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைத்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. சாட்சி சொல்லும் கூட்டத்தில் எழுந்து சொல்லத்தக்க முடிவு அல்ல இது. அந்தப் பணம் வீண்தானா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று எங்களுக்குத் தெரிந்த அளவில் அது சரியான செயல், அதைச் செய்ய முடியாதபடி பயம் எங்களைக் கட்டிப்போடவில்லை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வளையல்களை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே, வேலை தேடுவதை நிறுத்திவிட்டு ஜெபத்தில் மட்டும் தரித்திருங்கள் என்று யாராவது அறிவுரை கூறினால் கேட்காதீர்கள். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்ன அதே வசனம், “அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்றுதான் முடிகிறது. இன்றைய பாடு இருக்கவே இருக்கிறது. விண்ணப்பம் அனுப்புங்கள், வங்கியில் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள், வீட்டாரிடம் கணக்கை மறைக்காதீர்கள். ஜெபிக்க வார்த்தை வராத இரவுகளில் நான் மாற்கு 9ஆம் அதிகாரத்தில், மகனைக் குணமாக்கும்படி இயேசுவிடம் வந்த தகப்பனின் ஜெபத்தைத்தான் கடன் வாங்கினேன்: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்.

எரேமியா அந்த நிலத்தில் ஏர் பூட்டியதாக வேதாகமத்தில் இல்லை. நகரம் விழுந்தது, பிறகு அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, பாரசீக மன்னன் கோரேஸ் யூதர்களை ஊர் திரும்ப அனுமதித்தான். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயர்களும் எண்களும் என்று நான் எப்போதும் தாண்டிப்போகும் பகுதி. அதன் 23ஆம் வசனத்தில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது. அவர்களில் எவராவது அந்த மண்பாண்டத்தைத் தேடிப் பார்த்தார்களா என்பது அதில் இல்லை.