துரு கையோடு வந்தால் காசு திரும்புமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். போன மாதம் ஓர் இணையக் கடையில் 1:18 அளவு (நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு) டைகாஸ்ட், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த, மாடல் கார் ஒன்று வாங்கினேன். "கைவிடப்பட்ட பழைய கார், நிஜத் துரு, கைவேலை" என்று போட்டிருந்தார்கள். விலை 1,650 ராண்ட். பெட்டியிலிருந்து எடுத்ததுமே விரலெல்லாம் செம்மண் நிறம். அலமாரியில் வைத்த இடத்திலும் தூள் உதிர்ந்து கிடக்கிறது. கேட்டால், "துருப் பிடித்த கார் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள், இது எப்படிப் பழுதாகும்?" என்கிறார்கள். என் காசு போனதுதானா?

பதில்: போகவில்லை, தம்பி. கடைக்காரர் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். துருப் பிடித்த மாதிரி தெரிவது நீங்கள் ஒப்புக்கொண்டு வாங்கியது. தொட்டால் கையோடு வருவது ஒப்புக்கொள்ளாதது.

முதலில் "நிஜத் துரு" என்ற பேச்சைப் பார்ப்போம். டைகாஸ்ட் காரின் உடம்பு துத்தநாகக் கலவை. செந்துரு இரும்புக்குத்தான் பிடிக்கும். துத்தநாகம் கெட்டால் வெள்ளையாகப் பூக்கும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் காரில் இருப்பது மேலே பூசிய பெயிண்ட், அல்லது தூவிய நிறத்தூள். அதில் தப்பே இல்லை, மாடலைப் பழசுபோல் காட்டும் வெதரிங் என்ற கலையே அதுதான். ஆனால் தூளை ஒட்டவைக்கும் திரவமோ பளபளப்பில்லாத மேட் வார்னிஷோ போட்டு நிற்கவைப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான். வார்னிஷ் அடித்தால் தூளின் நிறம் கொஞ்சம் மங்கும். படத்தில் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவின்படி பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அனுப்பும் செலவு விற்றவருடையது. பழுது பார்ப்பதா, வேறு தருவதா, காசைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பதும் நீங்கள்தான். "இந்த நிலையில்தான் இருக்கிறது" என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்லி, வாங்குபவரும் ஏற்றுக்கொண்டால் தரம் பற்றி அப்புறம் கேட்கமுடியாது என்ற விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. அவர் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். தூள் உதிரும் என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்ததா? இல்லையென்றால் அந்த விலக்கு அவருக்கு உதவாது.

இன்றே செய்யவேண்டியது: ஒரு வெள்ளை டிஷ்யூவைக் காரின் கூரையில் லேசாக இழுத்து, அதை வீடியோ எடுங்கள். விளம்பரத்தின் படத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே அது மாறிப்போகலாம். அப்புறம் 56ஆம் பிரிவைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் பேச்சோடு விடாமல் மின்னஞ்சலும் போடுங்கள். மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம், உங்களுக்குச் செலவில்லை. ஒன்று மட்டும் வேண்டாம்: நீங்களே வார்னிஷ் அடித்துச் சரிசெய்யாதீர்கள். மாற்றிய பொருளைத் திருப்பும்போது வழக்கு பலவீனமாகிவிடும்.

இணையத்தில் வாங்கினால், பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே ஏழு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையும் 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் உண்டு. உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டது. நீங்கள் சொல்லி உங்களுக்கென்றே செய்த பொருளுக்கு அந்த ஏழு நாள் உரிமை பொருந்தாது. தொழிலாக விற்காமல், வீட்டில் கிடந்த ஒரே ஒரு காரை விற்கிறவரிடம் வாங்கினால் 56ஆம் பிரிவும் வராது. அங்கே காசு கொடுக்கும் முன்னாலேயே டிஷ்யூவை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 15 வயது. துருப்பிடித்த மாடல் கார் செய்ய ஆசைப்படுகிறான். ஏர்பிரஷ், கம்ப்ரெஸர், பன்னிரண்டு பாட்டில் வெதரிங் செட் என்று அவன் கொடுத்த பட்டியலைப் பார்த்து மலைத்துப்போனேன். இத்தனையும் வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் அம்மா. முதல் காருக்கு ஒரு சின்ன 1:24 பிளாஸ்டிக் கிட், துருப் பழுப்பிலும் காரின் நிறத்திலும் அக்ரிலிக் பெயிண்ட், ஒரு ஹேர்ஸ்பிரே, ஒரு மேட் வார்னிஷ் போதும். பழுப்பை அடித்துக் காயவிட்டு, அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் காரின் நிறம். நிறம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால், அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே இளகி மேல்நிறம் செதில் செதிலாகப் பெயரும். உள்ளிருந்து துரு எட்டிப்பார்க்கும். மேலே அடிப்பது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கவேண்டும். எண்ணெய் வகையான எனாமல் வாங்கினால் தண்ணீர் உள்ளே போகாது, காசு வீண்.

துருத் தூளுக்கும் தனி பாட்டில் தேவையில்லை. ஹார்ட்வேர் கடையில் சிமெண்டில் கலக்க விற்கும் சிவப்பு ஆக்சைடு, நம் பாட்டிமார் வீட்டுச் சிவப்புத் தரைக்குப் போட்டது, அதுவும் இரும்பு ஆக்சைடுதான். மஞ்சளும் கறுப்பும் கிடைக்கும். மூன்றையும் கலந்தால் புதுத் துரு, பழைய துரு எல்லாம் வந்துவிடும். கையாளும்போது முகக்கவசம் போடச் சொல்லுங்கள். ஸ்டீல் வுல்லை வினிகரில் ஊறவைத்து நிஜத் துரு செய்யும் வழியை அவன் எங்காவது பார்த்திருப்பான். பிளாஸ்டிக்குக்குச் சரி. டைகாஸ்ட்டில் வேண்டாம், வினிகர் துத்தநாகத்தை அரிக்கும்.

மிச்சமாகும் காசைவிடப் பெரிய உதவி, அவனை ஒரு நிஜக் காரிடம் கூட்டிப்போவது. எங்கள் தெருமுனையில் ஒரு டாட்சன் 1400 பேக்கி (சின்ன பிக்கப் வண்டி) வருஷக்கணக்காக நிற்கிறது. துரு அதில் எல்லா இடத்திலும் இல்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கிறது: கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலை. பின்கதவுச் சங்கிலியின் போல்ட்டிலிருந்து ஒரு பழுப்புக் கோடு, கண்ணீர் வழிந்த மாதிரி, நேராகக் கீழே இறங்குகிறது. கூரையில் துருவே கிடையாது. பெயிண்ட் வெளுத்து, விரல் வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டுகிறது. இங்கே டர்பனில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் அந்தப் பக்கம்தான் அதிகம் வெளுத்திருக்கிறது. தெற்குப் பக்க ஜன்னல் ரப்பரில் பாசி. இந்தியாவில் எடுத்த படத்தை வைத்துச் செய்தால் இது தலைகீழாகிவிடும். பையன் ஒரு நோட்டில் இதை வரைந்து வரட்டும். அப்புறமும் ஏர்பிரஷ் கேட்டால், மூன்றாவது காருக்கு வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: டோங்காட் வாசகன் நான். சந்தையில் ஒருவர் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைக் கார் ஒன்றை, "தானாகவே வெதரிங் ஆனது, அதனால்தான் இந்த விலை" என்று 900 ராண்ட் சொல்கிறார். பெயிண்ட் கொப்புளித்து, பானெட்டில் மயிரிழை போல விரிசல் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் ஐயா. அது வெதரிங் இல்லை, உலோக நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்தால் உள்ளிருந்தே விரிந்து நொறுங்கும். மருந்து கிடையாது. நம் கரையோர ஈரக்காற்று அதை இன்னும் விரைவுபடுத்தும். பக்கத்திலிருக்கும் கார்களுக்கு ஒட்டாது, ஆனால் அந்தக் காரை யாராலும் காப்பாற்றமுடியாது. இனி பழைய கார் எதை எடுத்தாலும் கவிழ்த்து, அடித்தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறக்கும் காராக இருந்தால் திறந்து மூடுங்கள். உடம்பு வீங்கியிருந்தால் கதவு அதன் இடத்தில் உட்காராது.